சூடேறும் நீரின் பரப்பு: பரப்பு என்ட்ரோபி பற்றிய ஒரு மறுபார்வை

காரைக்காலை அடுத்த மண்டபத்தூர்க் கடலின் மேல்நீர் மார்கழி, தை மாதங்களில் ஏறக்குறைய 27 டிகிரி செல்சியஸில் நிற்கும். சித்திரை, வைகாசியில் அது 30 டிகிரியை எட்டும். இந்த மூன்று டிகிரி ஏற்றத்தில் தூய நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 71.7 மில்லிநியூட்டனிலிருந்து 71.2-க்கு இறங்குகிறது. அரை அலகு. வாடைக்காற்றில் ஃபைபர் படகைத் தள்ளிக்கொண்டு போகிறவருக்கும் கோடையில் வலை இழுக்கிறவருக்கும் இந்த வேறுபாடு தெரிய வழியே இல்லை. ஆனாலும் வெப்ப இயக்கவியல் இந்தச் சின்னச் சரிவைத்தான் நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு டிகிரிக்கு எவ்வளவு இறங்குகிறது என்ற அந்த எண்ணே திரவத்தின் பரப்பு என்ட்ரோபி.

இரண்டும் ஒன்றாவது எப்படி? 1858-ல் வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு, இதைக் காட்டினார். அவருடைய வாதத்தின் சாரம் இதுதான்: ஒரு திரவப் படலத்தைச் சூடான நிலையில் விரியுங்கள், இழுவிசை குறைவு, எனவே செலவிடும் வேலையும் குறைவு. பிறகு அதைக் குளிரவைத்துச் சுருங்க விடுங்கள். இழுவிசை கூடுதல், எனவே திரும்பக் கிடைக்கும் வேலை கூடுதல். ஒரு சுற்று முடிந்ததும் கையில் நிகர வேலை நிற்கிறது. வேலை சும்மா வராது. அப்படியானால் சூடான நிலையில் விரிந்தபோது படலம் வெளியிலிருந்து வெப்பத்தை உள்ளிழுத்திருக்க வேண்டும். எவ்வளவு என்பதைக் கார்னோவின் விதி சொல்லிவிடுகிறது: இழுவிசை ஒரு டிகிரிக்கு இறங்கும் அளவைத் தனிவெப்பநிலையால் பெருக்கினால் கிடைப்பது அந்த வெப்பம்.

30 டிகிரியில் நீருக்கு அந்தச் சரிவு 0.157. தனிவெப்பநிலை 303 கெல்வின். ஆக, ஒரு சதுர மீட்டர் புதுப் பரப்பை உண்டாக்க நாம் 71 மில்லிஜூல் வேலை செய்கிறோம். நீர் தானாகவே சுற்றுப்புறத்திலிருந்து ஏறக்குறைய 48 மில்லிஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. பரப்பில் சேரும் மொத்த ஆற்றல் சுமார் 119 மில்லிஜூல். ஐந்தில் இரண்டு பங்கு, நாம் கொடுக்காமலே வந்து சேர்ந்த பங்கு. பள்ளிப் பாடம் பரப்பு இழுவிசையையும் பரப்பு ஆற்றலையும் ஒன்றென்று சொல்லி முடித்துவிடும்போது விடுபட்டுப்போவது இந்த ஐந்தில் இரண்டு.

அளவைப் பற்றி மிகையான எண்ணம் வரக்கூடாது. ஒரு கிராம் நீரை ஒரு மைக்ரோமீட்டர் ஆரமுள்ள துளிகளாகச் சிதறடித்தால் மூன்று சதுர மீட்டர் பரப்பு உருவாகும். அதற்குத் தேவையான வெப்பத்தை நீரே கொடுத்தால் அது குளிர்வது 0.03 டிகிரி மட்டும். அந்த ஒரு கிராமில் 0.06 மில்லிகிராம் ஆவியானாலே அதே குளிர்ச்சி கிடைத்துவிடும். அலை உடைந்து தெறிக்கும் சாரல் நம் முகத்தைக் குளிர்விப்பது ஆவியாதலால்தான். பரப்பு என்ட்ரோபியின் சிறப்பு அதன் அளவில் இல்லை. மூலக்கூறுகள் பரப்பில் எப்படி வாழ்கின்றன என்பதை அது காட்டிக்கொடுப்பதில் இருக்கிறது.

இங்கேதான் பரவலான ஒரு தவறு நுழைகிறது. சூடு ஏற ஏற ஒழுங்கின்மை கூடும், ஆகவே பரப்பு என்ட்ரோபியும் கூடிக்கொண்டே போகும் என்று பலர் எழுதுகிறார்கள். வாக்கியத்தின் முதற்பாதி சரி. இரண்டாம் பாதி அதிலிருந்து பிறக்கவில்லை. 1870-களில் ஜோசையா வில்லார்ட் கிப்ஸ் வகுத்த கணக்கில் பரப்பு என்ட்ரோபி ஒரு மிகுதி அளவு. திரவம் தன் விளிம்புவரை உள்ளே இருப்பது போலவே இருந்தால் எவ்வளவு, ஆவியும் அப்படியே இருந்தால் எவ்வளவு என்று கூட்டி, உண்மையான மொத்தத்திலிருந்து கழித்த பின் மிஞ்சுவது. வெப்பநிலை ஏறும்போது பரப்பில் மட்டுமா குழப்பம் கூடுகிறது? உள்ளேயும் கூடுகிறது. எது வேகமாகக் கூடுகிறது என்பதே கேள்வி. அதன் விடை திரவத்துக்குத் திரவம் மாறுகிறது. ஒரே திரவத்தில் வெப்பநிலைக்கு வெப்பநிலையும் மாறுகிறது.

வரலாற்றில் முதலில் கிடைத்த விடை மிக எளிமையானது. 1886-ல் ஹங்கேரி இயற்பியலாளர் லோராண்ட் எத்வஷ், இழுவிசையை மோலார் பருமனின் மூன்றில் இரண்டு அடுக்கால் பெருக்கினால் வரும் எண் வெப்பநிலையோடு நேர்கோட்டில் குறைகிறது என்றும், அந்தக் கோட்டின் சரிவு பல திரவங்களுக்கும் ஏறத்தாழ ஒன்றே என்றும் கண்டார். 1893-ல் ராம்சேயும் ஷீல்ட்ஸும் இதைச் சோதித்தபோது, கோட்டை நீட்டினால், திரவமும் ஆவியும் ஒன்றாகிவிடும் மாறுநிலை வெப்பநிலைக்கு ஏறக்குறைய ஆறு டிகிரி முன்பே அது சுழியைத் தொடுவதைப் பார்த்தார்கள். சூத்திரத்தில் ஓர் ஆறைக் கழித்துச் சரிக்கட்டினார்கள். அந்த ஆறு வெறும் ஒட்டுப்போடல் இல்லை என்று நான் நினைக்கிறேன். கோடு முடிவில் வளைகிறது என்பதன் முதல் அறிகுறி அது. அதே காலத்தில் வான் டெர் வால்ஸ், திரவத்துக்கும் ஆவிக்கும் இடையே அடர்த்தி படிப்படியாக மாறும் ஒரு மண்டலத்தைக் கருதி, இழுவிசை மாறுநிலையை வளைந்து, தழுவி அடையும் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தார். 1945-ல் குக்கன்ஹைம் அந்த வளைவுக்கு ஒன்பதில் பதினொன்று என்ற அடுக்கைக் கொடுத்தார். இன்றைய மாறுநிலைக் கோட்பாடு தரும் மதிப்பு சுமார் 1.26.

அடுக்கு ஒன்றைவிடப் பெரியது என்பதற்குள் ஒரு பெரிய செய்தி இருக்கிறது. மாறுநிலையில் இழுவிசை மட்டும் சுழியாவதில்லை. அதன் சரிவும் சுழியாகிறது. அதாவது பரப்பு என்ட்ரோபி மறைகிறது. இயற்கைதானே? திரவமும் ஆவியும் ஒன்றாகும் இடத்தில் பரப்பு ஏது, மிகுதி ஏது. நியான், ஆர்கான் போன்ற எளிய திரவங்களில் பரப்பு என்ட்ரோபி வெப்பநிலை ஏற ஏறக் குறைந்துகொண்டே வந்து மறைகிறது. பரவலான நம்பிக்கைக்கு நேர் எதிர்.

நீர் இந்த வழியில் நடப்பதில்லை. சுழி டிகிரியில் 75.6 ஆக இருக்கும் இழுவிசை 25 டிகிரியில் 72.0, 50-ல் 67.9, 100-ல் 58.9 என்று இறங்குகிறது. இறங்கும் வேகத்தைப் பாருங்கள். சுழிக்கு அருகே டிகிரிக்கு 0.14, 25-ல் 0.154, 50-ல் 0.17, கொதிநிலையில் 0.19. கூடுகிறது. நீர், நீராவி ஆகியவற்றின் பண்புகளுக்கான பன்னாட்டுச் சங்கம் ஏற்றுக்கொண்ட சமன்பாட்டைத் தொடர்ந்து போனால், சுமார் 256 டிகிரியில் சரிவு 0.235 என்ற உச்சத்தைத் தொடுகிறது. அங்கிருந்து திரும்பி, 374 டிகிரி மாறுநிலையில் சுழிக்கு வருகிறது. கொதிநிலையைத் தாண்டிய பகுதி உயர் அழுத்தத்தில் மட்டுமே கிடைக்கும் என்பதால், கல்லூரி ஆய்வகத்தில் நாம் பார்ப்பதெல்லாம் ஏறுமுகம்தான். நீரை மட்டும் வைத்து அளந்த மாணவர் எல்லாத் திரவமும் இப்படித்தான் என்று முடிவுகட்டினால் அவரைக் குறைசொல்ல முடியாது.

நீர் ஏன் இப்படி? மூலக்கூறு அளவில் எண்ணிப் பார்த்தால் ஒரு தடயம் கிடைக்கிறது. பரப்பில் ஒரு நீர் மூலக்கூறுக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சதுர நானோமீட்டர் இடம் என்று கொண்டால், ஒரு மூலக்கூறின் பங்குக்கு வரும் பரப்பு என்ட்ரோபி போல்ட்ஸ்மன் மாறிலியைப் போல 1.1 மடங்கு. இதே முறையில் பென்சீனுக்குக் கணக்கிட்டால் 2.6 மடங்கு. எத்தனாலுக்கு 1.3. பென்சீன் மூலக்கூறு பரப்புக்கு வந்ததும் அதை நெருக்கிக்கொண்டிருந்த அண்டைகள் ஒரு பக்கம் இல்லாமல் போகின்றன. அது தாராளமாக அசைகிறது. நீர் மூலக்கூறுக்கும் எத்தனாலுக்கும் அந்தத் தாராளம் கிடைப்பதில்லை. ஹைட்ரஜன் பிணைப்பு பிடித்து வைக்கிறது. நீர்ப்பரப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு மூலக்கூறு தன் ஓ–ஹெச் கைகளில் ஒன்றைக் காற்றுக்குள் தளையில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை 1993-ல் ரான் ஷென் குழுவினர் பெர்க்லியில் லேசர் ஒளியால் கண்டார்கள். கைகள் கண்ட திசையிலெல்லாம் நீளவில்லை. பரப்பு அவற்றை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறது. அந்தத் திசையொழுங்கு என்ட்ரோபியைக் குறைக்கிறது. சூடு ஏறும்போது பிணைப்புகள் தளர்கின்றன, ஒழுங்கு கலைகிறது, நீரின் பரப்பு மற்றத் திரவங்களின் நிலையை நோக்கிப் போகிறது. 256 டிகிரிக்குப் பிறகு மாறுநிலையின் ஈர்ப்பு வென்றுவிடுகிறது.

குளிர்ந்த முனையிலும் கதை முடியவில்லை. உறையாமல் சுழிக்குக் கீழே போன நீரில் இரண்டாவது திருப்பம் ஒன்று இருக்கக்கூடும் என்ற பேச்சு நெடுநாளாக உண்டு. 2014-ல் செக் நாட்டு ஆய்வாளர்கள் −25 டிகிரிவரை அளந்து, அப்படி எதுவும் இல்லை என்றார்கள். 2020-ல் −31.4 டிகிரிவரை சென்ற அளவீடுகளில் வழக்கமான போக்கிலிருந்து விலகலின் சாயல் தென்பட்டது. இது தீராத வழக்கு.

இதுவரை சொன்னதெல்லாம் வெப்ப இயக்கவியல். அது எவ்வளவு என்று சொல்லும். எது அசைகிறது என்று சொல்லாது. பரப்பில் அசைவது எது என்ற கேள்விக்கு விடை தேடியவர்களில் திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமனும் பாலக்காட்டில் பிறந்த எல்.ஏ. ராமதாஸும் முன்வரிசையில் நிற்கிறார்கள். இது நம் பாடநூல்களில் போதிய இடம் பெறவில்லை என்பது என் வருத்தம். ராமனின் மிக முந்தைய ஆய்வுக் கட்டுரைகளில் ஒன்றே பரப்பு இழுவிசையைப் பற்றியது. சென்னை மாநிலக் கல்லூரியில் முதுகலை முடித்த 1907-ஆம் ஆண்டிலேயே, வளைவை அளந்து இழுவிசையைக் கணிக்கும் முறை பற்றி லண்டனின் ஃபிலசாஃபிக்கல் மேகசீனில் எழுதினார். கல்கத்தாவில் ஒளிச்சிதறலில் மூழ்கிய காலத்தில் அதே பொருளுக்கு வேறொரு வாசல் வழியாகத் திரும்பி வந்தார்.

வெப்ப அசைவால் எந்தத் திரவத்தின் பரப்பும் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்க முடியாது என்ற கருத்தை 1908-ல் ஸ்மோலுகோவ்ஸ்கி முன்வைத்தார். 1913-ல் மாண்டல்ஸ்டாம் அந்தச் சொரசொரப்பு ஒளியை எப்படிச் சிதறடிக்கும் என்று கணக்கிட்டார். காற்றே இல்லாத, அதிர்வே இல்லாத அறையில் வைத்த நீரின்மேலும் வெப்பம் மட்டுமே எழுப்பும் சிற்றலைகள் ஓயாமல் ஓடுகின்றன. பரப்பைச் சமமாக வைக்க முயல்வது இழுவிசை, கலைப்பது வெப்பம். எனவே சிதறும் ஒளியின் செறிவு தனிவெப்பநிலையை இழுவிசையால் வகுத்த விகிதத்தைத் தொடரவேண்டும். மற்றவை சமமாக இருந்தால் ஈதர் நீரைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறடிக்க வேண்டும்.

பவ்பஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ராமனும் ராமதாஸும் இதற்குப் பயன்படுத்திய விளக்கு சூரியன். குவித்த வெயிலைத் திரவத்தின் பரப்பில் விழவிட்டு, எதிரொளிக்கும் கற்றையை விலக்கிவிட்டு, விழுந்த இடத்தில் பக்கவாட்டில் தெரியும் மங்கலான பொட்டைப் பார்ப்பது. ஒரு தூசி விழுந்தாலும் அந்தப் பொட்டு பொய்யாகிவிடும். திரவத்தைத் தூசியின்றித் தூய்மைப்படுத்துவதுதான் அந்த ஆய்வின் உண்மையான உழைப்பு. 1923-ல் ராமன் நேச்சர் இதழில் முதல் குறிப்பை எழுதினார். 1925-ல் இருவரும் சேர்ந்து, திரவ எல்லைகளில் ஒளிச்சிதறலையும் இழுவிசையோடு அதன் உறவையும் பற்றி ராயல் சொசைட்டியின் இதழில் தொடர் கட்டுரைகள் வெளியிட்டார்கள். 1927-ல் பரப்பு மண்டலத்தின் தடிமனை ஒளியால் அளப்பது பற்றி எழுதினார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரி 28-ல் கண்ட ராமன் விளைவு எல்லாவற்றையும் நிழலில் தள்ளிவிட்டது. ராமதாஸ் அதற்கு முன்பே இந்திய வானிலைத் துறைக்குப் போய்விட்டார். 1932-ல் ஆத்மநாதனோடு சேர்ந்து, இரவில் நிலத்தை ஒட்டிய காற்றின் மிகக் குறைந்த வெப்பநிலை தரையில் இல்லாமல் சற்று மேலே இருப்பதைக் கண்டார். இன்று அந்த அடுக்கு ராமதாஸ் அடுக்கு என்றே வழங்குகிறது. எல்லைப் பரப்புகளே அவர் வாழ்நாள் அக்கறை என்று தோன்றுகிறது.

கல்கத்தா வெயிலில் கண்டதை எக்ஸ் கதிர்கள் 1985-ல் அளவிட்டன: அறை வெப்பநிலையில் நீர்ப்பரப்பின் சராசரி மேடுபள்ளம் சுமார் 3 ஆங்ஸ்ட்ராம், ஒரு மூலக்கூறின் அகலம். இதற்குள் 1965-ல் பஃப், லவெட், ஸ்டில்லிங்கர் மூவரும் பரப்பின் முழுத் தடிமனையும் சிற்றலைகளாலேயே விளக்கும் கோட்பாட்டைத் தந்திருந்தார்கள். வான் டெர் வால்ஸ் கண்டது மங்கிக் கரையும் எல்லை. இவர்கள் கண்டது கூர்மையான, ஆனால் நடுங்கும் எல்லை. இரண்டும் சேர்ந்ததே உண்மை என்ற முடிவுக்குத்தான் துறை வந்திருக்கிறது. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

சிற்றலைகளே என்ட்ரோபியைச் சுமக்கின்றன என்பதற்கு மிகத் தெளிவான சான்று திரவ ஹீலியம். அங்கே மற்ற அசைவுகள் எல்லாம் உறைந்துபோகும். 1953-ல் அட்கின்ஸ், குவாண்டமாக்கிய பரப்பலைகளை மட்டும் எண்ணி, ஹீலியத்தின் இழுவிசை வெப்பநிலையின் மூன்றில் ஏழு அடுக்காகக் குறைய வேண்டும் என்று காட்டினார். அதன்படி பரப்பு என்ட்ரோபி மூன்றில் நான்கு அடுக்காக வளர்கிறது, தனிச்சுழியில் மறைகிறது. ஆக, கீழ்முனையில் சுழி, மாறுநிலையிலும் சுழி. நடுவில்தான் எல்லாம்.

சில இடங்களில் குறியே தலைகீழாகும். உருகிய எஃகில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு அளவில் கந்தகம் இருந்தால் அது பரப்பில் வந்து குவிந்து இழுவிசையைக் குறைக்கும். சூடு ஏறினால் கந்தகம் பரப்பைவிட்டு விலகும், இழுவிசை ஏறும். சரிவைப் பார்த்தால் பரப்பு என்ட்ரோபி எதிர்க்குறி போலத் தெரியும். 1982-ல் ஹைப்பிளும் ரோப்பரும் காட்டியபடி, பற்றவைக்கும்போது உருகிய குளத்தில் ஓட்டம் திசைமாறுவதற்கும், ஒரு தகட்டில் பற்றவைப்பு ஆழமாகவும் இன்னொன்றில் அகலமாகவும் அமைவதற்கும் இதுவே காரணம். கலவைகளில் சரிவை மட்டும் பார்த்து ஒழுங்கு, ஒழுங்கின்மை என்று பேசுவது ஆபத்து. பரப்புக்கு எது வருகிறது, எது போகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கடல்நீர் அப்படியொரு கலவைதான். ஆனால் உப்பு கந்தகத்துக்கு எதிர்: அது பரப்பை வெறுத்து உள்ளே போகிறது, இழுவிசையைக் கூட்டுகிறது. கிலோவுக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீருக்கு 30 டிகிரியில் 72.3 அலகு, நல்ல நீரைவிட 1.1 கூடுதல். இதை மண்டபத்தூர்க் கரைக்குப் பொருத்தினால் சுவையான ஒரு கணக்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ஆறுகள் கொண்டுவரும் நன்னீரால் கரையோரத்தில் உப்பு குறைகிறது. ஆறு கிராம் குறைந்ததென்று வைத்துக்கொண்டால் இழுவிசை 0.2 அளவுக்கு இறங்கும். அதே பருவத்தில் மூன்று டிகிரிக் குளிர்ச்சி அதை 0.5 ஏற்றும். இரண்டும் ஒன்றையொன்று தின்று, மிஞ்சுவது 0.3.

இந்த 0.3 கடலில் எதையாவது மாற்றுமா? இல்லை என்றே சொல்வேன். இந்தியாவின் ஓஷன்சாட்-2, ஸ்காட்சாட்-1 செயற்கைக்கோள்கள் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளச் சிற்றலைகளில் பட்டுத் திரும்பும் ரேடார் எதிரொலியிலிருந்தே கடற்காற்றை அளந்தன. 1.7 சென்டிமீட்டருக்கும் குறைந்த அலைகளை ஆள்வது பரப்பு இழுவிசை என்பது உண்மை. ஆனால் சுழியிலிருந்து 30 டிகிரிக்கு வரும்போது இழுவிசை ஆறு விழுக்காடுதான் குறைகிறது. பாகுநிலையோ பாதிக்கும் கீழே போகிறது. சிற்றலை எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்பதைப் பெரிதும் முடிவுசெய்வது இரண்டாவதுதான். இவற்றையும் மீறியது மிதவை உயிரிகளும் மீன் எண்ணெயும் படகு டீசலும் விரிக்கும் படலம். ஒரு மூலக்கூறு தடிமனுள்ள படலம் இழுவிசையைப் பல அலகு இறக்கும், சிற்றலையை அடக்கும். ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் மீன் கிடைக்கும் பகுதிகளைக் கணித்து அனுப்பும் செய்திக்கு அடிப்படையான கடல் வெப்பநிலைகூட, செயற்கைக்கோளின் அகச்சிவப்புக் கண்ணுக்குத் தெரியும் பத்து, இருபது மைக்ரோமீட்டர் மேலடுக்கின் வெப்பநிலை. பரப்பு என்ட்ரோபி குடியிருக்கும் மண்டலம் அதைவிடப் பத்தாயிரம் மடங்கு மெல்லியது.

கடலில் காணமுடியாத இதை ஆய்வகத்தில் காணலாம். தமிழகக் கல்லூரிகளின் பி.எஸ்சி. பாடத்தில் ஜேகர் முறை நெடுங்காலமாக இருக்கிறது: திரவத்துக்குள் அமிழ்ந்த மெல்லிய குழாயிலிருந்து குமிழி பிரிவதற்குச் சற்று முன் எட்டும் உச்ச அழுத்தத்தை அளந்து, வெவ்வேறு வெப்பநிலையில் இழுவிசையைக் கணிப்பது. வரைபடம் போட்டு, இழுவிசை குறைகிறது என்று எழுதியதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். அதே கோட்டின் சரிவை எடுத்தால் என்ட்ரோபி, அதைத் தனிவெப்பநிலையால் பெருக்கினால் மறைந்திருந்த வெப்பம், இழுவிசையோடு கூட்டினால் பரப்பின் முழு ஆற்றல். இரண்டு வரிகள் கூடுதலாகத் தேவை. மண்டபத்தூருக்கு அருகே திருவேட்டக்குடியில் தேசிய தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. காரைக்காலில் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. கரையில் மொண்ட கடல்நீர், கிணற்று நீர், எத்தனால் மூன்றையும் ஒரே கருவியில் வைத்து ஒப்பிட எந்தத் தடையும் இல்லை.

கவனிக்க வேண்டியது துல்லியம். சரிவு என்பது இரண்டு பெரிய எண்களின் சிறிய வேறுபாட்டிலிருந்து பிறப்பது. 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிவரை நீரின் இழுவிசை ஐந்து அலகு இறங்குகிறது. இரு முனையிலும் அரை அலகு பிழை இருந்தால் என்ட்ரோபியில் இருபது விழுக்காடுவரை பிழை வரும். நீரின் சரிவு ஏறுமுகம் என்பதே அதில் மூழ்கிவிடும். ஆகவே வெப்பநிலையை அடிக்கடி மாற்றி நிறையப் புள்ளிகள் எடுப்பதைவிட, வெப்பநிலைக் கலத்தைப் பத்து நிமிடம் அசையாமல் நிறுத்தி ஒரு புள்ளியைப் பலமுறை எடுப்பது நல்லது. கண்ணாடிக் குழாயை வெறும் சோப்பில் கழுவக்கூடாது, அதன் எச்சமே இழுவிசையைக் கெடுக்கும். குமிழி மெதுவாகப் பிரிய வேண்டும். கடல்நீரில் வேகமாக விட்டால் படலம் பரப்புக்கு வந்துசேர நேரமிருக்காது, படலமில்லாத கடல்நீரின் எண்ணே திரும்ப வரும். மெதுவாக விட்டு ஒருமுறை, வேகமாக விட்டு ஒருமுறை அளந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்தால், அந்தக் கரைநீரில் கலந்திருக்கும் கரிமப் படலம் இழுவிசையை எவ்வளவு இறக்குகிறது என்பதும் அதே அட்டவணையில் கிடைத்துவிடும்.